மேகாத்தும் யானைக்காதும்

செடி வியாபாரத்தில் வெயிலோடு மல்லுக்கட்டலாம், காற்றோடு மல்லுக்கட்டலாம், வாங்கிப் போனவரோடு மட்டும் முடியாது. வெயிலும் காற்றும் செடியைக் கொன்றுவிட்டுப் பேசாமல் போய்விடும், இவர் செத்ததைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து நியாயம் கேட்பார்.

என்னைப்போலப் பெரிய இலைமேல் ஆசைப்பட்டு அல்லல்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். மழை கொட்டுகிற ஊர்க்காரர்கள் தயவுசெய்து பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். எங்கள் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. சித்திரையில் உப்புத் தண்ணீரும் ஆடியில் புழுதியும் குடித்துச் செடி வளர்த்தவர்கள் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் அரை ஏக்கரில் நர்சரி வைத்திருந்தேன். இடம் மில் முதலாளியுடையது. கிணறும் அவருடையது, கிணற்றிலிருந்த உப்பும் அவருடையது. எனக்கென்று இருந்தது ஒரு பூவாளி, ஒரு மண்வெட்டி, வேலைக்குப் பேச்சியம்மாள். அவள் சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் புருஷனுக்கு அதே மில்லில் ஸ்பின்னிங் வேலை. மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மில் பக்கம் போய் அவனோடு சாப்பிட்டுவிட்டு வருவாள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு எதற்கு அது?

முறம் கேட்ட முதலாளி

பங்குனியில் ஒருநாள் முதலாளியின் அம்பாசிடர் நர்சரிக்குள்ளேயே வந்து, இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை நசுக்கிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார், தொட்டியைப் பார்க்கவில்லை. முதலாளி மூணாறு போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் முறம் முறமாய் இலை விட்ட செடியைக் கண்டாராம். அது யானைக்காது. சேம்பு ஜாதி, கிழங்கிலிருந்து முளைக்கிறது. ஈரக் காற்றும் நிழலும் கிடைத்தால் ஆள் உயரம் போகும். அது ரெண்டும் நம்மூரில் ஏது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பேசும்போது குறுக்கே பேசுகிறவன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தையில் கிரகப்பிரவேசம். அன்றைக்கு கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பக்கத்துக்கு நாலாக எட்டுத் தொட்டி யானைக்காது நிற்க வேண்டும். நின்றால் இந்த அரை ஏக்கரில் நான் இருக்கிறவரை இருந்துகொள்ளலாம். நிற்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கிளம்பினால் எனக்கு ஒரே போக்கிடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சானுடைய ஜவுளிக்கடை. அங்கே துணி மடிக்க வேண்டும். நான் அந்த வேலையை உதறிவிட்டுச் செடிக்கு வந்த நாளிலிருந்து மச்சான் "எப்ப வரப்போற?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். முதலாளி வீட்டில் தெலுங்குப் பேச்சு. கறாராகப் பேசும்போது அது தமிழுக்குள் தலைகாட்டும்.

"பச்சப் புள்ளையத் தூக்கி உக்கார வைக்கலாங்கிற மாதிரி எலை வேணும் காதர். இல்லைன்னா இந்த எடத்துல கழிவுப் பஞ்சு கொடோன் போட்டுருவேன், அர்த்தமாயிந்தா?"

வெட்டி எறிகிற ஊர்க்காரர்

செங்கோட்டை தாண்டிப் போய்ப் பன்னிரண்டு கிழங்கு வாங்கி வந்து தொட்டியில் வைத்தேன். எட்டு வேண்டும், நாலு செத்தாலும் பாதகமில்லை என்று கணக்கு. நான் பஸ் இறங்குவதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மில் முதலாளி வைக்கிற செடி என்றால் அது எங்களுக்கும் வேண்டும் என்று வரிசைகட்டினார்கள் ஜனங்கள். முதலாளி ஆமணக்கு வைத்திருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள்.

முதலில் வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். கேரளத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம். என் தொட்டிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் வீட்டு ஓடைக்கரையில் இது தானாக முளைக்குமாம், வேலைக்காரன் மாதம் ஒருமுறை வெட்டி எறிவானாம். நான் நிழல் கட்டி, சாணி கரைத்து ஊற்றிக் கொஞ்சுவதால்தான் செடி சோம்பேறியாகிவிட்டதாம். ஊருக்குப் போனபோது சாக்கில் நாலு கிழங்கைக் கட்டிவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் ஊன்றினார். ஊன்றியதோடு சரி, கொஞ்சவில்லை. அக்கினி நட்சத்திரத்துக்கு இலை நாலும் பொரித்த அப்பளம் மாதிரி ஆனது. தொட்டால் நொறுங்கும். அந்த நொறுங்கலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி என்னிடம் கொண்டுவந்தார், நான்தான் கொலைகாரன் என்பதுபோல.

"செடிமேல தப்பு ஒண்ணும் இல்லா பாய், நிங்கள் ஊர் சூரியனுக்கு மரியாத இல்லா!"

கட்டுப் போட்ட செடிகள்

ஆனியில் மேற்கேயிருந்து மேகாத்து ஆரம்பித்தது. மலையைத் தாண்டும்போதே மழையையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் பக்கம் இறங்கும் அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், ஒரு சாண் இலை எம்மாத்திரம்? காலையில் விரிந்த இலை சாயங்காலம் வாழைநார் மாதிரி கிழிந்து தொங்கும். நான் தென்னங்கீற்று கட்டினேன். கீற்று பறந்து ரோட்டைத் தாண்டிப் போனது. சாக்குப் படுதா கட்டினேன். அது பறந்துபோய்ப் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் தலையில் விழுந்தது. அவர் என் வாப்பா வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டுப் போனார்.

கடைசியில் சத்திரப்பட்டிக்குச் சைக்கிளை மிதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி தறியில் ஓடுகிற ஊர். கறை விழுந்து ஒதுக்கிய துணி கட்டுக்கட்டாகக் கிடைத்தது. வெயிலை வடிகட்டும், காற்றை முழுசாகத் தடுக்காமல் சல்லடை போட்டு விடும், நனைத்துவிட்டால் செத்த நேரம் குளிர்ச்சியும் தரும். சுற்றி நாலு பக்கமும் கட்டி, ஒவ்வொரு தண்டுக்கும் குச்சி ஊன்றி அதே துணியால் சுற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். அப்படியும் மூன்று செடி தண்டோடு ஒடிந்து அழுகிப்போனது. "தூக்கிக் குப்பையில போடு" என்று பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்பதுக்கும் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, சேத்தூர் பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினார்.

"என்ன பாய், அம்புட்டுச் செடிக்கும் கட்டுப் போட்டுருக்கீரு, லாரி எதுவும் ஏறிருச்சா?"

எலுமிச்சை சோறு

ஆவணியில் அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மில் ஆட்கள் கூட்டம் கூட்டமாய்க் குளிக்கக் கிளம்புவார்கள். ஒரு கூட்டம் போகிற போக்கில் என் வேலியைத் தாண்டி, உள்ளதிலேயே நல்ல செடியாகப் பார்த்து ஆறு இலையையும் அரிவாளால் அறுத்துக்கொண்டு போய்விட்டது. எதற்கு? சாப்பிட. இலை என்றால் இவர்களுக்குச் சோறு போட்டுத் தின்கிற சாமான், அவ்வளவுதான். அகலமாய் ஒன்றைக் கண்டால் அதில் எம்புட்டுச் சோறு பிடிக்கும் என்றுதான் கண் அளக்கும்.

யானைக்காதின் பாலில் அரிப்பு உண்டு. அறுத்த இலையில் எலுமிச்சை சோற்றைக் கொட்டி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார்கள். ஒருத்தனுக்கு உதடு உருளைக்கிழங்கு போண்டா மாதிரி வீங்கியிருந்தது, இன்னொருத்தன் நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே நடந்தான். அந்தச் செடி பிழைக்காது, பன்னிரண்டில் எட்டுத்தான் மிச்சம், இனி ஒன்றுகூடச் சாகக் கூடாது. "ஏலே, கண்டவன் தோட்டத்து எலைய அறுத்துத் திங்கிறீயளே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். போண்டா உதட்டுக்காரன் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்.

"சோத்துல ஒரு குத்தமும் இல்ல பாய், எலைதான் செத்தக் காரம் கூடிருச்சு."

பால்கோவாக் கடைச் செடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் என்னிடம் விசிறி வாழை வாங்கிப் போனார். அதுவும் பெரிய இலைதான். விசிறி மாதிரி இரண்டு பக்கமும் விரியும். கடை வாசலில் வைக்கப்போகிறேன் என்றார், சரி என்றேன். பதினைந்து நாளில் ஆள் அனுப்பிவிட்டார், செடி நாறுகிறது வந்து பார் என்று. செடி எங்கேயாவது நாறுமா? போய்ப் பார்த்தேன். தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்வலம், ஈ மாநாடு. மண் கைபட்டால் பிசுபிசுக்கிறது. பால் காய்ச்சுகிற சட்டியைச் சுரண்டிக் கழுவுகிற தண்ணீர் இருக்கிறதே, சீனியும் நெய்யும் ஏடுமாக, அதைத் தினமும் ரெண்டு வேளை ஊற்றியிருக்கிறார். சத்தாம்.

வேர் அழுகிப் புளித்துப்போய்விட்டது என்று சொன்னேன். வேருக்குத் தண்ணீர் போதும், இனிப்பு ஆகாது என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. செடி செத்தது அவருக்குப் பெரிசில்லை. கடைச் சரக்கைக் குறை சொல்லிவிட்டேனாம்.

"பத்து ஊர்ச் சனம் பஸ் ஏறி வந்து எங்க கடைச் சரக்க வாங்கித் திங்கிது, ஒம்ம செடிக்கு மட்டும் எறங்கலையாக்கும்?"

எண்ணெய் வைத்த டீச்சர்

அதே ஊரில், மடவார் வளாகத்தில் ஒரு டீச்சர். படித்தவர்கள் என்றால் செடிக்கு இன்னும் ஆபத்து. கொலுவுக்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசலில் வைக்க ஒரு யானைக்காது கேட்டார். முதலாளியுடைய எட்டை நான் தொடுவேனா? பக்கக் கிழங்கில் வந்த சின்னது ஒன்றைக் கொடுத்தேன். இலையில் தூசி படியாமல் துடையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அது என் வாய்க்கொழுப்பு. அவர் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறார். இலை பளபளவென்று மின்னியிருக்கிறது. தெருவே மெச்சியதாம். மறுநாள் பத்து மணி வெயிலில் அந்த மினுமினுப்பு அப்படியே பொரிந்து, இலை பூராவும் தோசை முறுகல் மாதிரி பழுப்பு வட்டம்.

"எலைக்கு எண்ணெய் வச்சு வெயில்ல நிறுத்தலாமா டீச்சர்?" என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் நிலைமை அப்படி. புரட்டாசி பாதி போய்விட்டது, என் எட்டுச் செடியில் பெரிய இலை இன்னும் ஒரு சாணைத் தாண்டவில்லை. விரிவதும் ஓரம் கருகுவதும் ஒரே நாளில் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போய் இரண்டு மாதமாகியிருந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைத் திருத்தினார்.

"தெனமும் தலை நெறய எண்ணெய் வச்சுட்டுத்தான் நான் ஸ்கூலுக்கு வெயில்ல நடந்து போறேன், நான் என்ன பொரிஞ்சா போயிட்டேன்?"

ஃபேன் ரூம் சுவர்

இத்தனை நேரம் ஊரானைக் கேலி பேசினேன். இப்போது என் முறை.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், பேச்சியம்மாளைத் தேடிக்கொண்டு மில்லின் பின்சுவர்ப் பக்கம் போனேன். சாப்பிடப் போனவள் திரும்பவில்லை, தொட்டியெல்லாம் காய்கிறது, திட்டலாம் என்றுதான் போனேன். அங்கே ஃபேன் ரூம் சுவரோரம் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மூன்று யானைக்காது நிற்கிறது. ஒவ்வொரு இலையும் நிஜமாகவே முறம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, ஓரத்தில் ஒரு கருகல் கிடையாது. நான் ஆடியில் குப்பையில் போடச் சொன்ன அழுகல் கிழங்குகள்! தூக்கிப் போட மனசு வராமல் ஈர மண்ணாகப் பார்த்து ஊன்றி வைத்திருக்கிறாள்.

காற்று காய்ந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் மில்லுக்குள் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, ஈரக் காற்றாக ஓடவிடுவார்கள். மிஞ்சின காற்றை ஃபேன் பின்சுவர் வழியாக வெளியே தள்ளும். நூலுக்கு உப்பு ஆகாதென்று மில்லுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வரும்; அதில் வழிந்தது அந்தச் சுவரோரம்தான் ஓடும். வடக்குப் பார்த்த சுவர், வெயில் கிடையாது. மேகாத்தை மில் கட்டடமே மறைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு ஆள் மில்லுக்குப் போகிற ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் செங்கோட்டைக்கும் சத்திரப்பட்டிக்கும் அலைந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையில் வருகிற மடையன் நான்தான். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று அவள்மேலேயே பாய்ந்தேன். அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

"நூலு அந்துரக் கூடாதுன்னுதான ஈரக் காத்து விடுதாக, எலையும் அப்படித்தான் பாய், நீங்க எங்க என்னயக் கேட்டிய?"

சங்கு ஊதாத நாள்

அன்றைக்கே எட்டுத் தொட்டியையும் சுவரோரம் இறக்கினேன். பத்தே நாளில் புது இலை குழல் மாதிரி சுருண்டு வந்து, விரித்துவிட்ட குடை அளவு விரிந்தது. கார்த்திகையில் என் இடுப்பு உயரம், மார்கழியில் தோள் உயரம். ஒரே தொல்லை, காற்றோடு பஞ்சுத் தூசும் வந்து இலையில் அப்பும். பேச்சியம்மாள் ஈரத்துணியால் துடைப்பாள். நான் எதிரே நின்று பார்ப்பேன். அந்த மூன்று மாதம் நான் தரையில் நடக்கவில்லை. மச்சானைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவர் கேட்பதற்கு முன்னால் நானே, "வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மில் நின்றால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் அரை நாளில் இலை தலையைத் தொங்கப்போட்டுவிடும். வார லீவு, கரண்ட் கட்டு, பெல்ட் அறுந்தது, எதுவானாலும் அடி எனக்குத்தான் விழும். ஊரெல்லாம் மில் சங்கைக் கேட்டு வேலைக்கு ஓடும், நான் அது ஊதவில்லையென்றால் வாளியோடு ஓடுவேன். மார்கழியில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் மெஷினை நிறுத்திப் பழுது பார்த்தார்கள். நான் போய் ஸ்பின்னிங் மாஸ்டர் முன்னால் கையைக் கட்டி நின்று, மெஷின் ஓடாவிட்டால் போகிறது, ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் போடுங்கள் என்று கேட்டேன். கிரீஸ் கையோடு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ் பாய், இது நூலுக்கு ஓடுற மில்லா, ஒம்ம சேம்புக்கு ஓடுற மில்லா?"

பால் காய்ச்சின அன்று

தை வந்தது. கிரகப்பிரவேசத்தன்று விடிந்தும் விடியாததுமாக, எட்டுத் தொட்டியையும் நனைத்த பேண்டேஜ் துணியால் மூடி டிராக்டரில் ஏற்றினோம். பேச்சியம்மாள் தன்னுடைய மூன்றையும் தோண்ட விடவில்லை, வேர் ஆட்டம் கண்டால் போய்விடும் என்றாள். வேண்டாம், எட்டுப் போதும், அரை நாள் தாங்கினால் சரி என்றேன். ஆறரை மணிக்குக் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பக்கத்துக்கு நாலாக நிறுத்தித் துணியை உருவினேன். வந்தவர்கள் வாழைமரத்தையும் தோரணத்தையும் விட்டுவிட்டு இதைத்தான் பார்த்தார்கள். முதலாளி என் தோளில் கை போட்டார். ஜென்மத்தில் அவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. அரை ஏக்கர் எனக்கு என்று முடிவாகிவிட்டது என்றே நினைத்தேன். சந்தோஷத்தில் ரெண்டு கேசரி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

எட்டரைக்கு வெயில் காம்பவுண்டைத் தாண்டியது. ஒன்பதரைக்கு ஒரு இலை நுனியைக் கீழே விட்டது. வாளி வாளியாக ஊற்றினேன். தண்ணீர் என்ன செய்யும்? வேண்டியது காற்றில் ஈரம், அது மில்லில் இருக்கிறது. பதினொன்றுக்கு எட்டும் நனைந்த துண்டு கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கிவிட்டது. பந்தியிலிருந்து எழுந்து வந்த முதலாளியின் சம்பந்தி, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "செடிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இது எங்கே வளர்ந்தது என்றார். சொன்னேன். உடனே சம்பந்தி வீட்டாரை நாலு காரில் ஏற்றிக்கொண்டு மில்லுக்கு விட்டார். நான் டிராக்டரில் பின்னால் போனேன். ஃபேன் ரூம் சுவரோரம் பேச்சியம்மாளின் மூன்று செடியும், நடு மத்தியானத்தில், குளித்துத் தலை சீவின மாதிரி நின்றது. பட்டு வேட்டிகளெல்லாம் வாயைப் பிளந்தது. ஒருவர் பேரனை இலைக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தார். முதலாளிக்குப் போன மானம் வட்டியோடு திரும்பிவிட்டது. ஃபேன் காற்றில் அவர் துண்டு பறக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கம் திரும்பினார். அதட்டலே இல்லை, ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

"இங்கன தானா வளருதே காதர், தண்ணி ஊத்தப் பேச்சியம்மா போதும், பொறவு அந்த அரை ஏக்கரு ஒனக்கு எதுக்குய்யா?"

ஜவுளிக்கடையில்

நான் கெஞ்சவில்லை. கெஞ்சியிருக்கலாம் என்று பொறவு பல நாள் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் கோபம்கூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த ஆள் சொன்னதில் எங்கே தப்பு கண்டுபிடிப்பது? மாசியில் கொடோனுக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். செடிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பங்குனியில் மச்சான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார். அவர் நாலு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்கு அம்புட்டு வலித்திருக்காது.

ஒரு வருஷம் கழித்துப் பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள். மில்லில் டோக்கன் போட்டு அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சுவரோரம் இருக்கிற செடிகள் அவள் பொறுப்பு. பண்டிகைக்குச் சேலையும் ரவிக்கைத் துணியும் பார்க்க வந்திருந்தாள். எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, நான் விரித்துப் போட்டதையெல்லாம் புரட்டி, ஒன்றும் பிடிக்காமல் மறுபடி மறுபடி மடிக்க வைத்தாள். வாடிக்கையாளர் இல்லையா, செய்யட்டும். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், முடியவில்லை. செடிக்கு என்ன உரம் வைக்கிறாய், எத்தனை தண்ணீர் விடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. மனசாரத்தான் சொன்னாள்.

"ஒண்ணுமே செய்யிறதில்ல பாய், தூசியத் தொடச்சிட்டுச் சும்மாதான் உக்காந்துருக்கேன், அது பாட்டுக்கு ஏழு அடி வளந்து நிக்கிது."

ராஜபாளையத்தில் பெரிய இலை வளர்க்க ஈரக் காற்று வேண்டும், நிழல் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், தோட்டக்காரன் ஒருத்தன்தான் வேண்டாம்.